வியப்பும் கற்பனையும் மெய்ம்மைக்கு வழி

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

"கற்பனை செய்யாதே, உள்ளதைச் சொல்" என்று பெரியவர்கள் நம்மைக் கண்டிப்பதுண்டு. கற்பனை என்றாலே பொய் என்றும், வியப்பு என்பது சிறு குழந்தைகளுக்கு உரியது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். கணக்கும் அறிவியலும் மெய்யானவை, கதையும் கவிதையும் கற்பனையானவை என்று நம் பாடநூல்களையே இரண்டு கட்டுகளாகப் பிரித்து வைத்துவிட்டோம். இந்தப் பிரிவினை சரிதானா? கடலின் நிறம், நம் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் எழுத்தர், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் காலடியில் கிடக்கும் மணல் ஆகிய மூன்றையும் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்பனை வேறு, பகற்கனவு வேறு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வியப்பு என்பது, நாள்தோறும் காணும் பொருளை முதன்முறையாகக் காண்பது போல நின்று நோக்குவது. "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்னும் கேள்வி அதிலிருந்தே பிறக்கிறது. கற்பனை என்பது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மனத்தில் நிறுத்தி, "இதனால்தான் இப்படி இருக்குமோ?" என்று எண்ணிப் பார்ப்பது.

பகற்கனவும் மனத்தில் தோன்றுவதுதான். ஆனால் பகற்கனவு காண்பவர் அது உண்மையா என்று சோதித்துப் பார்ப்பதில்லை. நல்ல கற்பனையோ, "என்னைச் சோதித்துப் பார்" என்று தானே முன்வந்து நிற்கும். இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால், கற்பனை மெய்ம்மைக்குப் பகையன்று என்பது விளங்கும்.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது?

"வானத்தின் நீலம் கடலில் தெரிகிறது, அதனால் கடல் நீலமாக இருக்கிறது" என்ற விடையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இங்கிலாந்து நாட்டின் பேரறிஞர் ராலே பிரபு கூறிய விடை அது. அவர் நோபல் பரிசு பெற்றவர். எனவே உலகம் அவ்விடையை ஏற்றுக்கொண்டு, அதற்குமேல் கேட்காமல் இருந்தது.

1921ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஒருவர், இங்கிலாந்து சென்றுவிட்டு 'நர்குண்டா' என்ற கப்பலில் தாயகம் திரும்பிக் கொண்டிருந்தார். அவர்தான் சர் சி. வி. இராமன். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. கப்பலில் சென்ற எத்தனையோ பயணிகள் அதே நீலத்தைக் கண்டார்கள், அழகு என்றார்கள், உணவு உண்ணச் சென்றார்கள். இராமன் மட்டும் அவ்வாறு செல்லவில்லை. வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டால் கடல் எப்படித் தெரியும் என்று அவர் எண்ணிப் பார்த்தார்.

அந்த எண்ணமே கற்பனை. அதனைச் சோதிக்க அவரிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. கையில் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அதன் மூலம் தடுத்துவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது! ஆகவே அந்த நீலம் வானத்திடம் கடன் வாங்கியதன்று, நீருக்கே உரியது என்று உணர்ந்தார். நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று விளக்கி எழுதினார். அக்கடிதம் அதே ஆண்டில் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளிவந்தது. நீர் சூரிய ஒளியில் உள்ள சிவப்புப் பகுதியை உட்கொண்டு விடுவதும் கடல் நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இன்றைய அறிவியல் கூறுகிறது.

ஒளிச்சிதறல் பற்றிய அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களோடு பல ஆண்டுகள் உழைத்து, 1928 பிப்ரவரி 28ஆம் நாள் 'இராமன் விளைவு' எனப்படும் கண்டுபிடிப்பை அடைந்தார். 1930இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்நாளையே நாம் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

தோழியரே, மெரினாவிலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் நாம் காண்பது அதே கடல்தான். விடை தெரிந்துவிட்டது என்று எண்ணியவர்களுக்கு அது வெறும் தண்ணீர். வியந்து நின்றவருக்கு அது பாடநூலாயிற்று.

துறைமுகத்தில் ஓர் எழுத்தர்

இரண்டாவது செய்தி நம் துறைமுகத்தைச் சார்ந்தது. 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கல்லூரித் தேர்வில் தேறாதவர். கணிதம் ஒன்றையே நாடி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்நிலை நேர்ந்தது. அவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

பகலில் துறைமுகக் கணக்கு, மற்ற நேரமெல்லாம் எண்களைப் பற்றிய சிந்தனை என்று அவர் வாழ்ந்தார். தாள் வாங்கப் பணம் போதாமையால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதுவார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொள்வார். அவருடைய மேலதிகாரியாகிய நாராயண ஐயரும், துறைமுகத் தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளரும் அவரை ஏளனம் செய்யவில்லை. புரிந்த அளவில் வியந்தார்கள், புரியாத இடத்தில் புரிந்துகொள்ளக் கூடியவர்களைத் தேடி உதவினார்கள்.

1913 ஜனவரி 16ஆம் நாள் இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் தேற்றங்களை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பினார். அவற்றுள் சில ஐரோப்பாவில் முன்பே அறியப்பட்டவை. பல முற்றிலும் புதியவை. அவற்றுள் சிலவற்றைக் கண்டு ஹார்டி மலைத்துப் போனார். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் உண்மையல்லாத ஒன்றை இவ்வாறு புனைந்துரைக்கும் கற்பனை எவருக்கும் இருக்க முடியாது என்பது அவர் பிற்காலத்தில் தெரிவித்த கருத்து. கணித உண்மையைக் காணும் கண்ணும் கற்பனையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

எனினும் இங்கே இன்னொரு பாடமும் உண்டு. அக்கடிதத்தில் பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதிய சூத்திரம் சரியாக அமையவில்லை. அம்மேதையின் கற்பனைக்கும் நிரூபணம் தேவைப்பட்டது. 1914 மார்ச்சில் நம் துறைமுகத்திலிருந்தே கப்பலேறி இங்கிலாந்து சென்ற அவர், ஹார்டியோடு இணைந்து அந்த நிரூபணப் பாதையிலும் நடந்தார். 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920 ஏப்ரலில், 32 வயதிலேயே, சென்னையில் மறைந்தார். சிறகு பறக்க உதவும், கால்தான் தரையில் நிற்க உதவும். பறவைக்கு இரண்டும் வேண்டும் அல்லவா?

கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு

மூன்றாவது செய்தி நம் வீட்டு வாசலுக்கே வருகிறது. மெரினா ஏன் அவ்வளவு அகலமாக இருக்கிறது? இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஏன் மணலுக்குப் பதில் கருங்கற்கள் கிடக்கின்றன? இரண்டும் ஒரே கடலின் கரைதானே!

இதனை அறிய ஒரே ஒரு மணல்துகளாக நம்மைக் கற்பனை செய்துகொள்வோம். தெற்கிலிருந்து வரும் அலை கரையை நேராக மோதுவதில்லை, சாய்வாக வந்து மோதுகிறது. அது நம்மை வடகிழக்காக இழுத்துச் செல்லாமல், கரை மேல் வடமேற்காக ஏற்றி விடுகிறது. நீர் வடியும்போது நேராகக் கடலுக்குள் இறக்குகிறது. ஏறியபோது சாய்வு, இறங்கியபோது நேர். ஆகவே ஒவ்வோர் அலைக்கும் நாம் வடக்கே ஓர் அடி நகர்ந்துவிடுகிறோம். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சில மாதங்கள் தெற்கே திரும்பினாலும், ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் பயணம் வடக்கு நோக்கியே அமைகிறது. இவ்வாறு பல இலட்சம் டன் மணல் ஆண்டுதோறும் நம் கரையோரமாக நடந்து செல்கிறது. அது எந்தப் படத்திலும் வரையப்படாத ஓர் ஆறு.

முற்காலத்தில் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. 1875ஆம் ஆண்டளவில் கடலுக்குள் அலைதாங்கிச் சுவர்கள் எழுப்பும் பணி தொடங்கியது. 1881இல் வீசிய புயல் அவற்றைச் சிதைத்தது. மீண்டும் கட்டினார்கள். அச்சுவர்கள் கப்பலைக் காத்தன. ஆனால் மணல் ஆற்றுக்கு அவை அணையாகவும் அமைந்தன. வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. துறைமுக வாயிலும் மணலால் தொல்லையுற்றது. கிழக்கு நோக்கியிருந்த அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தவர் யார் தெரியுமா? இராமானுஜனை ஆதரித்த அதே ஸ்பிரிங் துரைதான்.

துறைமுகத்திற்கு வடக்கே என்ன ஆயிற்று? அலைகள் வழக்கம்போல மணலை எடுத்துச் சென்றன. இட்டு நிரப்பத் தெற்கிலிருந்து மணல் வரவில்லை. கரை தேய்ந்தது. குப்பங்களில் வீடுகளும், வலை உலர்த்தும் மணற்பரப்பும், சாலையும் கடலுக்குள் போயின. கரையைக் காக்கக் கற்களைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகளும் அமைத்தார்கள். ஆனால் ஓரிடத்தில் மணல் நின்றால் அதற்கு அடுத்த வடபுறம் பசியோடு காத்திருக்க நேர்கிறது.

சுவர் எழுப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர். கப்பலும் படகும் கவிழ்ந்து உயிர்கள் மாள்வதைத் தடுக்கவே விரும்பினார்கள். துறைமுகத்தால் நம் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் தெற்கே வைக்கும் ஒரு கல், வடக்கே ஒரு தாயின் அடுப்பங்கரையை என்ன செய்யும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக் கற்பனை வேண்டும். கற்பனை குறைந்தால் கெடுவது கவிதை மட்டுமன்று, வீடும் கெடும்.

சமயமும் வியப்பும்

"அறிவு வளர்ந்தால் இறைவன் மீதுள்ள வியப்புக் குறைந்துவிடும்" என்று சிலர் அஞ்சுகிறார்கள். பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கக் குரு லெமெத்ர் அடிகளாரின் வாழ்வு இந்த அச்சத்தைப் போக்கும். பேரண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்ற கருத்தை 1927இல் அவர் வெளியிட்டார். விரிவதைப் பின்னோக்கி எண்ணினால் எல்லாம் ஒரு சிறு தொடக்கத்தில் அடங்கியிருக்க வேண்டும் என்று 1931இல் துணிந்து கூறினார். ஐன்ஸ்டைனே முதலில் அதனை ஏற்கவில்லை. ஆயினும் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மெல்லிய கதிர்வீச்சு அதற்குச் சான்றாகக் கிடைத்தது. 1966இல் இறப்பதற்குச் சற்று முன்பு அச்செய்தியை அவர் அறிந்தார். திருப்பலி நிறைவேற்றிய கையே விண்வெளிக் கணக்கையும் எழுதியது. அவர் தம் கணக்கை விசுவாசத்தால் நிரூபிக்கவில்லை, விசுவாசத்தைக் கணக்கால் நிரூபிக்கவும் முயலவில்லை. இரண்டிலும் வியப்போடு நின்றார்.

இயேசு பெருமானும் மக்களுக்குப் போதித்தபோது உவமைகளையே பெரிதும் கையாண்டார். விதைப்பவனும், காணாமற்போன ஆடும், நல்ல சமாரியனும் கதைமாந்தர்களே. ஆனால் அக்கதைகள் வழியே நாம் காண்பது நம்மையும் நம் அயலானையும். அயலானின் துன்பத்தை நம் துன்பமாக எண்ணிப் பார்ப்பதும் கற்பனையின் வேலையே அல்லவா?

நாம் செய்யத்தக்கவை

தேர்வுக்கு விடைகளை மனப்பாடம் செய்வது தேவைதான். ஆனால் விடையை மட்டும் விழுங்கிவிட்டுக் கேள்வியை எறிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு கேள்வியேனும் நாமாக எழுதி வைப்போம். "இப்படி இருக்கலாம்" என்று தோன்றுவதையும் எழுதுவோம். பிறகு ஆசிரியையிடமோ, நூலகத்திலோ, சிறு சோதனையிலோ அதனைச் சரிபார்ப்போம். தவறாயின் நாணம் வேண்டாம். இராமானுஜனின் சூத்திரமும் திருத்தம் பெற்றது.

நூல்களில் மட்டுமன்று, நம்மைச் சுற்றியுள்ளவர்களிடமும் கேட்போம். காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் அறிந்து கட்டுமரமும் படகும் செலுத்திய பெரியவர்கள் நம் குப்பங்களில் உண்டு. கரை முன்பு எதுவரை இருந்தது என்று அவர்கள் கைநீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் காட்டும் இடத்தில் இன்று அலை இருக்கும். அந்த அலையின் மீது ஒரு தெருவை மனத்தில் எழுப்பிப் பார்ப்பதும் வரலாற்றுப் பாடமே.

பெற்றோர்க்கும் ஒரு விண்ணப்பம். வீட்டில் சிறுமி ஒருத்தி "ஏன்?" என்று பத்தாவது முறை கேட்கும்போது, "வாயை மூடு" என்று சொல்லிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், "வா, யாரையாவது கேட்போம்" என்று சொன்னாலே போதும். நாராயண ஐயர் செய்ததும் அதுவே.

முடிவுரை

வியப்பு கேள்வியைத் தருகிறது. கற்பனை, விடை இருக்கக்கூடிய திசையைக் காட்டுகிறது. சோதனை பொய்யை நீக்கி மெய்யைத் தருகிறது. இம்மூன்றில் எது குறைந்தாலும் அறிவு முழுமை பெறாது. கடலின் நீலத்திலும், எண்களின் ஒழுங்கிலும், மணலின் நடையிலும் மறைந்து கிடந்த உண்மைகளை மனிதர் கண்டது இவ்வழியேதான்.

நம் பகுதி தொழிற்சாலைகளும் கப்பல்களும் நிறைந்தது. நாளை இங்கே புதிய சுவர்களும் சாலைகளும் ஆலைகளும் எழும்பும். அவற்றைத் திட்டமிடுவோருள் நம் பள்ளி மாணவியரும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். அப்பொழுது வரைபடத்தில் தெரியும் கோடுகளோடு, அதில் தெரியாத மணலையும், நீரையும், வடக்கே குடியிருக்கும் மக்களையும் காணும் கண் நமக்கு வேண்டும். அந்தக் கண்ணை இப்போதே பழக்கிக் கொள்வோமாக!