கல்நார்ப் புற்றுநோயும் முதியோர் பராமரிப்பும்

கல்நார்த் தூசியைச் சுவாசித்த தொழிலாளருள் சிலருக்கு, பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே நுரையீரலைப் போர்த்தியுள்ள சவ்வில் புற்றுநோய் தோன்றுகிறது. ஆதலின், முதுமையில் வரும் மூச்சுத் திணறலை வயதின் தளர்ச்சி எனக் கருதிவிடலாகாது. முன்னர்ச் செய்த வேலையை வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை, அவர் வேலையில் சேர்ந்தது முதல் குறைந்தது 40 ஆண்டுகள் காத்துவர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்டது. நட்ட ஈடு கோருவோர்க்கு இப்பதிவேடு தக்க சான்றாகும்.

இந்நோயைப் பெரும்பாலும் முற்றும் குணப்படுத்த இயலாது. எனினும், துன்பத்தைத் தணிக்க இயலும். நுரையீரலைச் சூழ்ந்து தேங்கும் நீரை வைத்தியர் வடித்துவிட்டால் மூச்சு எளிதாகும். நோயாளி முன்புறம் சாய்ந்து, மேசைமீது கைகளை ஊன்றி அமர்வதும், முகத்தில் விசிறிக்காற்று படுவதும் ஆறுதல் தரும். இது தொற்றுநோயன்று, வீட்டார் அச்சமின்றி அருகிலிருந்து பேணலாம்.