கைப்பேசித் திரை திரும்பும் விதமும் அதனை நிறுத்தி வைக்கும் முறையும்

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையிலுள்ள எழுத்துக்கள் நெடுக்காகவும், பக்கவாட்டில் சாய்த்தால் கிடையாகவும் தாமே திரும்பி நிற்பதை எல்லோரும் கண்டிருப்பர். இவ்வசதி பல சமயங்களில் உதவியாகவும் சில சமயங்களில் இடையூறாகவும் அமைகிறது. வயலில் எடுத்த இலைநோய்ப் படம் அறிக்கையில் பக்கவாட்டாக ஏறிவிடுகிறது. மாணவருக்குக் காட்டும் பாடம் நடுவே புரண்டுவிடுகிறது. காரணத்தை அறிந்து கொண்டால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்க இயலும்.

திருவனந்தபுரத்து வாசகர்களுக்கு இக்காரணம் புதிதன்று. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் ஏவப்பட்ட நகரம் அது. அந்நகரின் வட்டியூர்க்காவில் உள்ள இஸ்ரோவின் நிலைம அமைப்புகள் பிரிவு, ராக்கெட்டுகளும் செயற்கைக்கோள்களும் தாம் எத்திசையை நோக்கியுள்ளன, எவ்வாறு நகர்கின்றன என்பதை அறியும் கருவிகளை உருவாக்குகிறது. அவற்றுள் தலையாயவை இரண்டு: முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி, சுழலும் வேகத்தை அளக்கும் ஜைராஸ்கோப். கைப்பேசியினுள் இருப்பவையும் இவ்விரண்டின் மிகச் சிறிய, மலிவான வடிவங்களேயாம்.

கைப்பேசியின் முடுக்கமானி சில மில்லிமீட்டர் அளவே உள்ள சிலிக்கன் துண்டாகும். அதனுள் கண்ணுக்குப் புலனாகாத சிறு எடை ஒன்று மெல்லிய சிலிக்கன் விற்களால் தாங்கப்பட்டிருக்கிறது. எடையின் ஓரத்தில் சீப்பின் பற்களைப் போன்ற தகடுகள் உண்டு. அவற்றின் எதிரே அசையாத தகடுகள் உண்டு. எடை சிறிதே விலகினாலும் தகடுகளுக்கு இடையேயுள்ள இடைவெளி மாறுகிறது. அதனால் அவற்றின் மின்தேக்குத் திறனும் மாறுகிறது. அம்மாற்றத்தையே கருவி எண்ணாக வெளியிடுகிறது. அகலம், நீளம், பருமன் ஆகிய மூன்று திசைகளுக்கும் தனித்தனி எண்கள் கிடைக்கின்றன.

கைப்பேசி அசையாமல் நிமிர்ந்து நிற்கையில் நீளத்திசை எண் சுமார் 9.8 ஆகவும் மற்றவை பூச்சியத்தை ஒட்டியும் இருக்கும். பக்கவாட்டில் திருப்பினால் 9.8 அகலத்திசைக்கு மாறுகிறது. மேசைமேல் மல்லாக்கக் கிடத்தினால் அது பருமன் திசைக்குச் சென்றுவிடும். நீள அகலத் திசைகளில் எதுவும் மிஞ்சாது. ஆதலால் அந்நிலையில் மேற்புறம் எது, பக்கம் எது என்று தீர்மானிக்கக் கைப்பேசிக்கு வழியில்லை. கடைசியாக இருந்த நிலையையே அது வைத்துக்கொள்ளும். மேசையில் கிடக்கும் கைப்பேசியைத் தட்டாமாலை சுற்றினாலும் திரை திரும்பாததன் காரணம் இதுவே. அன்றியும், சரியாக 45 பாகையில் திரை மாறுவதாக அமைத்தால் கை நடுக்கத்திற்கெல்லாம் அது முன்னும் பின்னும் புரளும். எனவே அவ்வெல்லையைச் சற்றுத் தாண்டிச் சிறிது நேரம் நிலைத்த பின்னரே திரும்புமாறு அமைத்துள்ளனர்.

ஓடும் பேருந்தில் திரை புரள்வது ஏன் என்பதை ஆசிரியர்கள் ஒரு கணக்காகவே கொடுக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் பேருந்து மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். மையநோக்கு முடுக்கம் 25-ஐ 15-ஆல் வகுத்து வருவது, சுமார் 1.67 ஆகும். நிமிர்த்திப் பிடித்த கைப்பேசிக்கு இது ஏறக்குறைய 10 பாகைச் சாய்வாகத் தோன்றும், திரை அசையாது. ஆனால் மடியில் வைத்து, கிடைமட்டத்திலிருந்து 10 பாகை மட்டுமே உயர்த்திப் படிப்பவரின் கைப்பேசியில் நீளத்திசைக்குக் கிடைக்கும் புவியீர்ப்பின் பங்கும் 1.7 அளவே. இரண்டும் சமமாகவே, கருவி 45 பாகைத் திருப்பமாக அதனைக் கொள்ள நேரிடும். குற்றம் கருவியினுடையதன்று, புவியீர்ப்பையும் வளைவின் முடுக்கத்தையும் பிரித்தறிய முடுக்கமானியால் இயலாது.

ராக்கெட்டில் இது இன்னும் கடுமையான பிரச்சினை. எஞ்சின் எரியும்போது அதன் உந்துதலையே முடுக்கமானி முதன்மையாக உணரும். புவியீர்ப்பை அது உணராது. எஞ்சின் அணைந்து விண்வெளியில் மிதக்கையில் எல்லா எண்களும் பூச்சியமாகும். ஆகவே அங்கே திசையை அறிய ஜைராஸ்கோப் இன்றியமையாததாகிறது. கைப்பேசியில் அது துணைக்கருவி மட்டுமே. மலிவான கைப்பேசிகள் சிலவற்றில் அது இல்லை. இருந்தும் திரை திரும்பத்தான் செய்கிறது.

இனி, திரையை நிறுத்தி வைக்கும் முறை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரையின் மேல்விளிம்பிலிருந்து விரலைக் கீழிழுத்தால் தோன்றும் பலகையில் ‘தானாகச் சுழற்று’ என்னும் குறி உண்டு. அதனை அணைத்தால் திரை நிலைத்துவிடும். 2018-இல் வந்த 9-ஆம் பதிப்பு முதல், அணைத்த பின்னரும் கைப்பேசியைச் சாய்த்தால் திரையின் ஓரத்தில் சிறு பொத்தான் ஒன்று தோன்றுகிறது. தேவையானபோது அதைத் தொட்டுத் திருப்பிக்கொள்ளலாம். களப்பணியாளருக்கு இதுவே வசதியான ஏற்பாடு. ஐஃபோனில் பூட்டைச் சுற்றி அம்புக்குறி வளைந்த படத்தைத் தொட்டால் நெடுக்குநிலை பூட்டப்படும். சில செயலிகள் ஒரே நிலையில் மட்டும் இயங்குமாறு எழுதப்பட்டவை. அவற்றில் குறியை எத்தனை முறை தொட்டாலும் பயனில்லை.

நெடுக்குநிலையை எப்போதும் பூட்டி வைப்பதும் தக்கதன்று. 2020-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் கேரளத்தில் கைட் விக்டர்ஸ் அலைவரிசை வழியே தொடங்கிய பாடங்களைக் கைப்பேசியில் பார்த்த பிள்ளைகள் பலர். தொலைக்காட்சிப் படத்தின் அகல உயர விகிதம் 16-க்கு 9. அதே விகிதமுள்ள கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தால் படம் திரை முழுவதும் நிறையும். நெடுக்காகப் பிடித்தால் படத்தின் அகலம் 16-இல் 9 பங்காகச் சுருங்கும். பரப்பளவோ மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். கரும்பலகையில் எழுதிய பின்னத்தின் மேலெண்ணையும் கீழெண்ணையும் குழந்தை படிப்பதா, யூகிப்பதா என்பது இந்தப் பூட்டைப் பொறுத்தது.

படங்களின் விஷயம் வேறு. பூட்டு திரைக்கு மட்டுமே. கேமரா தன் போக்கில் முடுக்கமானியைக் கேட்டு, படம் எந்நிலையில் எடுக்கப்பட்டது என்பதை 1 முதல் 8 வரையுள்ள ஓர் எண்ணாகப் படக்கோப்பில் குறித்து வைக்கிறது. பார்க்கும் செயலி அவ்வெண்ணைப் படித்துப் படத்தைத் திருப்பிக் காட்டும். எண்ணைப் படிக்காத செயலியில் படம் பக்கவாட்டாகக் கிடக்கும். அதுவன்றி, தரையிலுள்ள செடியையோ மேசையிலுள்ள நோட்டையோ நேர்மேலிருந்து எடுக்கும்போது கைப்பேசி மல்லாந்த நிலையில் இருப்பதால் எண்ணே தவறாக விழலாம். இதற்குப் பரிகாரம் எளிது: முதலில் கைப்பேசியை விரும்பும் நிலையில் ஒரு வினாடி நிமிர்த்திப் பிடித்து, திரைக்குறிகள் திரும்பியதைக் கண்ட பின் மெல்லக் கீழ்நோக்கிச் சாய்த்தல் வேண்டும். அசைபடத்திற்கு இது மேலும் முக்கியம். பதிவு தொடங்கிய நிலையே இறுதிவரை நிற்கும். அளவுகோலும் இடப்பெயர் எழுதிய சீட்டும் படத்தினுள் இருந்தால், படம் புரண்டாலும் காய்ந்த நுனி வடக்கிலா கிழக்கிலா என்ற ஐயம் எழாது. பக்கவாட்டாக ஏறிய படத்தைக் கைப்பேசியிலேயே ஓரம் சிறிது வெட்டிச் சேமித்தால் பெரும்பாலும் நேரான படமாகப் புதிதாக எழுதப்படும்.

குறி இயங்கு நிலையில் இருந்தும் திரை திரும்பாவிடில் கருவியைச் சோதிக்கலாம். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ஃபைஃபாக்ஸ் என்னும் செயலி மூன்று எண்களையும் திரையில் காட்டும். நிமிர்த்தியும், பக்கவாட்டிலும், மல்லாக்கவும் வைத்துப் பார்க்கையில் 9.8 திசைக்குத் திசை மாறினால் கருவி நன்றாக உள்ளது. கைப்பேசியை மெத்தைமேல் விழவிட்டால், விழும் கணத்தில் மூன்றும் பூச்சியத்தை நெருங்குவதை வரைபடத்தில் காணலாம். ராக்கெட்டைப் பற்றி மேலே கூறியது இதுவே. ஆனால் இதைக் கொண்டு புவியீர்ப்பின் வேறுபாட்டை அளக்க முயல வேண்டியதில்லை. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள திருவனந்தபுரத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78 அளவு, உலகப் பொது மதிப்பு 9.80665. கைப்பேசிக் கருவியின் பிழை இவ்விரண்டின் வேறுபாட்டைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கக்கூடும்.