'கக்கா' என்றாலே சிரிப்பா?

நாலு வயசு வாண்டு 'கக்கா', 'குசு' என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறதா? 3 முதல் 6 வயதில் இது சகஜம். கழிப்பறைப் பழக்கம் அப்போதுதான் படிந்திருக்கும். அந்த வார்த்தையைச் சொன்னதும் பாட்டி 'ச்சீ' என்று முகம் சுளிக்கிறாரே, அதுதான் வேடிக்கை!

அடிக்காதீர்கள், கூடச் சேர்ந்து சிரிக்கவும் வேண்டாம். "அதெல்லாம் பாத்ரூம்ல பேசிக்கலாம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் தானே விட்டுவிடும்.

மிரட்டினால், மலம் கழிப்பதே அசிங்கம் என்று நினைத்துக் குழந்தை அடக்க ஆரம்பிக்கலாம். அடக்கக் கூடாதென்று சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களில் மலம், சிறுநீர், அபான வாயு மூன்றும் உண்டு. அடக்கினால் மலம் இறுகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து மறுபடி அடக்கும்.

தினமும் சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்கார வையுங்கள். கீரை, பழம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.