எந்த வரியில் தவறு?

திருவிடந்தை

அன்பு மகளுக்கு,

கணக்குப் பேப்பரில் மறுபடியும் அரியர் விழுந்துவிட்டது, "நான் எதற்கும் லாயக்கில்லை சித்தப்பா" என்று எழுதியிருக்கிறாய். அரியரைவிட அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. இங்கே சிறுசேரியில் நாளெல்லாம் மென்பொருளில் பிழை தேடுகிறவர்களிடம் "இந்த புரோகிராம் மோசம்" என்று எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். என்ன கொடுத்தாய், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மோசம் என்பதை யாராலும் திருத்த முடியாது. எந்த வரி என்று தெரிந்தால் திருத்தலாம்.

2024 ஆகஸ்ட் 24 அன்று நம் ஊர்க் கரையிலிருந்து ரூமி-1 ராக்கெட் கிளம்பியதிலிருந்து உனக்கு விண்வெளி என்றால் உயிர். அதனால் சந்திரயான்-2 கதையையே சொல்கிறேன்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை, விக்ரம் லேண்டர் நிலவில் மோதி நொறுங்கியது. சோதனைக்குக் குறைவில்லை, நாமக்கல் பக்கத்துப் பாறையைப் பொடித்து நிலவு மண்போலப் பரப்பிக்கூடப் பார்த்திருந்தார்கள். பிழை வேறு இடத்தில் இருந்தது. இஸ்ரோ தலைவராக இருந்தபோது சோமநாத் அதை விளக்கினார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. படம் எடுப்பதற்காகக் கலம் ஆடாமல் போக வேண்டிய கட்டத்தில் அந்த வித்தியாசம் திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போனது. பிறகு வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகத்துக்கு மென்பொருள் இடம் கொடுக்கவில்லை. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அங்கேதான் போய்ச் சேர வேண்டும் என்று, தரை நெருங்கிய பிறகும் கலம் வேகத்தைக் கூட்டியது.

இதில் யாரையும் லாயக்கில்லாதவர் என்று சொல்லவில்லை, பார்த்தாயா? துல்லியமாக இறங்க வேண்டும் என்பது நல்ல ஆசை. அந்த ஆசைக்குத் தப்பு நேர இடமே வைக்காததுதான் வினையாயிற்று. பெரும்பாலான பிழைகள் இப்படித்தான், நல்ல முடிவுகளுக்குள் ஒளிந்திருக்கின்றன.

சந்திரயான்-3-க்கு, எதெல்லாம் தவறலாம் என்று முதலில் யோசித்தார்கள். தவறினாலும் இறங்கும்படி கட்டினார்கள். இறங்கும் பகுதியின் நீளமே 4 கிலோமீட்டர் ஆனது. எரிபொருளைக் கூட்டினார்கள், கால்களை வலுவாக்கினார்கள். விழுப்புரத்து வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, 2023 ஆகஸ்ட் 23 அன்று அதே பெயருள்ள புதிய விக்ரம் பத்திரமாக இறங்கியது.

இப்போது உன் பேப்பருக்கு வா. முதல் யூனிட்டில் புரியாத ஒன்றை அன்றே கேட்காமல் விட்டிருப்பாய். அது சேர்ந்துகொண்டே போயிருக்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் அவசரமாகத் திரும்பப் பார்த்திருப்பாய். இது என் ஊகம்தான், சரிபார்க்க வேண்டியவள் நீ. நாளையிலிருந்து நாலு மணிக்கு எழுவேன், போனைத் தொடமாட்டேன், புதுப் புத்தகம், புது டியூஷன் என்று எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடாதே. பலன் கிடைத்தாலும் எதனால் கிடைத்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்று, அதே மாதிரிக் கணக்கை மறுபடி போட்டுப் பார், பிறகு அடுத்தது. டைம்டேபிளில் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் இரண்டு நாள் காலியாக விடு.

விடைத்தாள் நகலுக்கு உடனே விண்ணப்பித்துவிடு, கடைசித் தேதி போய்விடும். கைக்கு வந்ததும் மார்க்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு கணக்கிலும் எந்தப் படியில் விலகினாய் என்று பென்சிலால் குறி. அடுத்த ஞாயிறு எடுத்து வா, சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா