பெயருக்கு என்ன விலை?

50 ரிங்கிட்டுக்கு வாங்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 15 வினாடிகள் பிசகும். பல்லாயிரம் ரிங்கிட் விலையுள்ள சுவிஸ் இயந்திரக் கடிகாரமோ ஒரே நாளில் சில வினாடிகள் முந்தும் அல்லது பிந்தும். சரியான நேரத்தைக் காட்டுவதுதான் கடிகாரத்தின் வேலை என்றால், மலிவானதே மேல். அப்படியிருந்தும் விலையுயர்ந்த கடிகாரத்திற்குப் பெயரைப் பதிந்துவிட்டுப் பயனீட்டாளர்கள் காத்திருக்கின்றனர். அவர்கள் எதற்குப் பணம் கொடுக்கின்றனர்?

இந்தக் கேள்வி சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலையே ஒரு காலத்தில் ஆட்டிவைத்தது. 1969 டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 4,50,000 யென். அப்போது அந்தத் தொகைக்கு ஒரு சிறிய காரே வாங்கலாம். ஆனால், சில ஆண்டுகளிலேயே குவார்ட்ஸ் கடிகாரங்களின் விலை மளமளவெனச் சரிந்தது. சுருள்வில்லையும் பற்சக்கரங்களையும் நம்பியிருந்த சுவிஸ் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த தொழில், 1980களின் நடுப்பகுதியில் அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கே வேலை கொடுத்தது.

அந்த வேளையில்தான் ழான் குளோட் பீவர் என்பவர், ழாக் பிகே என்ற நண்பருடன் சேர்ந்து 'பிளாங்பேன்' என்னும் பழைய கடிகாரப் பெயரைச் சுமார் 22,000 பிராங்குக்கு வாங்கினார். முக்கியமாக அவர்கள் வாங்கியது அந்தப் பெயரைத்தான். 1735ஆம் ஆண்டு முதல் தாங்கள் குவார்ட்ஸ் கடிகாரம் செய்ததே இல்லை, இனியும் செய்யப்போவதில்லை என்று விளம்பரம் செய்தனர். அது பொய்யன்று, மற்றவர்கள் குவார்ட்ஸுக்கு மாறிய காலத்தில் அந்தப் பெயர் உறங்கிக் கிடந்தது! குறை எனக் கருதப்பட்ட பழைமையே இப்போது பெருமையானது. 1992இல் அந்நிறுவனம் சுமார் 60 மில்லியன் பிராங்குக்குக் கைமாறியது.

தரம் இல்லாமல் ஆடம்பர வணிக முத்திரை நிலைக்காது. ஆனால், தரம் மட்டும் இருந்தால் அது நல்ல பொருள், அவ்வளவுதான். நீண்ட வரலாறு, கைவினைஞரின் உழைப்பு, எளிதில் கிடைக்காத அருமை ஆகியவை பெயரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பார்ப்பவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தன் செல்வத்தைப் பிறர் காணச் செலவிடும் இப்போக்கை அமெரிக்க அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இலேயே தம் நூலில் விளக்கினார். விலை ஏறும்போது தேவையும் ஏறும் பொருள்களைப் பொருளியலாளர்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கின்றனர்.

எல்லாரும் பகட்டுக்காகத்தான் வாங்குகின்றனர் என்று சொல்வது நியாயமாகாது. நல்ல இயந்திரக் கடிகாரத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பழுதுபார்த்து ஓடவைக்கலாம். தந்தை கட்டிய கடிகாரத்தை மகள் கட்டிக்கொள்வதில் உள்ள மகிழ்ச்சி உண்மையானது. விளம்பரம் செய்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால், பல மாதச் சம்பளத்தைத் தவணையாகக் கட்டி, நண்பர்கள் பார்ப்பதற்காகவே ஒன்றை வாங்கும் இளைஞரின் நிலை வேறு. அவருக்கு அந்தக் கடிகாரம் பெருமையாக இருப்பதே, அது பலருக்கு எட்டாத விலையில் இருப்பதால்தான். அதனால்தான் தீபாவளி மலிவு விற்பனையின்போது பேரங்காடி முழுவதும் விலை குறைந்தாலும், அந்தக் கடைகளின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் விலைச்சீட்டு பெரும்பாலும் மாறுவதில்லை.