புள்ளியும் எண்ணும்

அன்புள்ள கயல்,

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உனக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். முதல் அப்டேட்டுக்கு முன்னால் கோப்புப் பெயர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் நம் வசதிக்கு மட்டும் என்று நினைக்காதே. எதைத் திறப்பது, எதை விடுவது, எது முதலில் என்பதையெல்லாம் நிரல்கள் பெயரை வைத்தே முடிவுசெய்கின்றன.

டெபியனில் என்ஜின்எக்ஸ், 'சைட்ஸ்-எனேபிள்டு' கோப்புறையில் கிடப்பதை எல்லாம் படித்துவிடும். அங்கே 'கடை' என்ற கோப்புக்குப் பக்கத்தில் 'கடை-புதுசு' என்று ஒன்றை வைத்தால் இரண்டும் ஏறும். இரண்டிலும் ஒரே தளப்பெயர் இருந்தால் வரிசையில் முந்தியது நிற்கும். நீ கண்விழித்துத் திருத்திய புதுசு, ஓர் எச்சரிக்கை வரியோடு ஒதுக்கப்படும். சுடோ இதற்கு நேரெதிர். அதன் 'சுடோயர்ஸ்.டி' கோப்புறையில், பெயரில் ஒரு புள்ளி இருந்தாலே அந்தக் கோப்பைத் தொடாது; சொல்லவும் சொல்லாது.

எண்களில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கெர்னல் அமைப்புகளுக்கான 'சிஸ்சிடிஎல்.டி'யில் கடைசியாக வருவதே செல்லும். 99 என்று தொடங்கினால் பெரும்பாலும் உன் பேச்சுதான் எடுபடும். அதே பழக்கத்தில் எஸ்எஸ்எச்சுக்கும் 99 போட்டுக் கடவுச்சொல் நுழைவை நிறுத்தப் பார்ப்பார்கள். அங்கே முதலில் படித்ததே செல்லும். கிளவுட் சர்வர்களில் '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' அந்த நுழைவைத் திறந்து வைத்திருந்தால், கதவு திறந்தேதான் இருக்கும். 10 என்று தொடங்கு.

மூலக் கோப்பிலேயே நீ கைவைத்திருந்து, அப்டேட்டிலும் அந்தக் கோப்பு மாறி வந்தால் டெபியன் நிறுத்திக் கேட்கும். வெறும் என்டர் தட்டினால் உன்னுடையது தங்கும். புதியது 'டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் உட்காரும். புதியதை ஏற்றால் உன்னுடையதற்கு 'டிபிகேஜி-ஓல்டு' வால். ரெட் ஹேட் குடும்பத்தில் 'ஆர்பிஎம்நியூ', 'ஆர்பிஎம்சேவ்'. இந்த வால்களை உன் நகல்களுக்கு ஒட்டாதே. யார் வைத்தது என்று பிறகு யாருக்கும் புரியாது. மூலத்தை விட்டுவிட்டு, துணைக் கோப்புறையில் '10-கடவுச்சொல்-நுழைவு-இல்லை.கான்ஃப்' என்பதுபோல் தனிக் கோப்பு வைத்தால் அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. பழைய நகல்கள் கிட் (Git) களஞ்சியத்தில் இருக்கட்டும். 'ஃபைனல்2' எல்லாம் கல்யாணப் பத்திரிகை டிசைனோடு போகட்டும்.

என்ஜின்எக்ஸையும் எஸ்எஸ்எச்டியையும் பெரிய எழுத்து 'டி' (-T) விருப்பத்தோடு ஓட்டினால், தாங்கள் எடுத்துக்கொண்ட அமைப்பை அப்படியே கொட்டும். அப்டேட்டுக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பார். முதல் தடவை இரண்டையும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மாமா