மைனரா, அலைடா?

மகள் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடிக்கிறாள். பி.ஏ. ஆங்கிலத்துடன் கம்ப்யூட்டரை ‘மைனர்’ பாடமாக எடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பி.ஏ. ஆங்கிலம் தாராளமாகச் சேரலாம். ஆனால், நம்மூர் கல்லூரிகளில் ‘மைனர்’ இடத்தில் இருப்பது அலைடு எனும் துணைப் பாடம். அதைப் பெரும்பாலும் மாணவி தேர்ந்தெடுப்பதில்லை, துறையே வைத்துவிடும். இங்கிலாந்தின் சமூக வரலாறு போன்ற தாள்கள் வரும். எட்டாம் ஹென்றியின் கல்யாணக் கதையெல்லாம் பாடம்தான்!

கம்ப்யூட்டருக்குப் பிற துறை விருப்பப் பாடம் உண்டா என்று கேளுங்கள். அது சின்னத் தாள்தான். வேலைக்கு உதவ வேண்டுமென்றால் தனியாக ஒரு சான்றிதழ் படிப்பு நல்லது.

கல்லூரி என்று பார்த்தால், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி. திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகள் கணக்குக்கே வரும்.

கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில்தான். கடைசித் தேதிவரை காத்திருக்காதீர்கள்.